கிட்டங்கிக்கு நீலம் பூசிய வைகாசி

கிட்டங்கிச் சுவரைப் பற்றிச் சொல்லாமல் இரஞ்சிதத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குவது முறையல்ல. அவளே தன்னைப் பற்றிச் சொல்லும்போது சுவரில் இருந்துதான் தொடங்குவாள்.

முல்லைத்தீவுப் பட்டினத்தில் கடற்கரைக்குப் போகிற பழைய கடைத்தெருவின் நடுவில் அந்தக் கட்டிடம் நின்றது. கடலில் வெட்டிய முருகைக்கல்லும் சிப்பிச் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பண்டகசாலை. ஒல்லாந்தர் கட்டினார்கள் என்பார் ஒருவர். இல்லை, இங்கிலீசுக்காரர் நெல்லும் உப்பும் அடுக்கக் கட்டினார்கள் என்பார் இன்னொருவர். எவர் கட்டினாலும் சுவரில் கஞ்சத்தனம் காட்டவில்லை. உள்ளே ஒருவர் மத்தியானம் தும்மினால், வெளியே நிற்கிறவர் பின்னேரம்தான் ‘நூறு’ என்பார். கன்னம் வைக்க வந்த கள்ளன் ஒருவன் இளந்தாரியாய்த் தொடங்கி, தலை நரைத்தும் பாதிச் சுவர் தாண்டாமல், வேலையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினான். மகனுக்கு அந்தப் பொறுமை இல்லை. அவன் வாசலால் வந்து, இரண்டு அப்பம் தின்று, காசைக் கொடுத்துவிட்டுப் போனான். அறுபத்து நாலாம் ஆண்டுச் சூறாவளி தெருவின் கூரைகளையெல்லாம் சுருட்டிக்கொண்டு வந்தபோது, கிட்டங்கிக்கு முன்னால் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு, பக்கத்து ஒழுங்கையால் திரும்பிப் போனது. இரஞ்சிதத்தின் மாமியார் அதைத் தன் கண்ணால் கண்டவர்; அவர் பொய் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை, ஏனென்றால் அவர் பேசுவதே குறைவு.

அந்தக் கிட்டங்கியின் முன்மண்டபத்தில் ஒரு மூலையில் இரஞ்சிதம் அப்பக்கடை வைத்திருந்தாள்; மீதி மண்டபம் வெறுமையாய்க் கிடந்தது. நடுப்பகுதியில் அவளும் புருசன் ஐயாத்துரையும் குடியிருந்தார்கள். பின்பக்கத்து அறையில் ஆண்டியப்பனும் ராக்காயியும் இருந்தார்கள். எழுபத்தேழாம் ஆண்டு ஆவணிக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து லொறியில் வந்து இறங்கிய சனத்தில் அவர்களும் இருந்தார்கள். மற்றவர்கள் காடு வெட்டிக் கமம் செய்யப் போக, ஆண்டியப்பனுக்குக் காய்ச்சல் கண்டது. ‘காய்ச்சல் மாறும் மட்டும் கிடவுங்கோ’ என்று இரஞ்சிதம் பின்னறையைத் திறந்துவிட்டாள். காய்ச்சல் அடுத்த கிழமையே மாறிவிட்டது. அதைப் பற்றிப் பிறகு இருபகுதியும் கதைக்கவில்லை. ஆண்டியப்பன் மேசன் வேலைக்கும் வேலியடைப்புக்கும் போனான். ராக்காயி விடியப்புறம் எழும்பி இரஞ்சிதத்தோடு தேங்காய் துருவினாள்.

தெரு ஒருகாலத்தில் பெரிய தெரு. பஸ் நிலையத்தை மற்றப் பக்கம் கொண்டுபோன பிறகு, கடைகள் ஒவ்வொன்றாய்க் கதவு சாத்தின. தையற்காரச் சின்னராசா மெசினைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஓமந்தைக்குப் போனான். கடைசியில் தெருவில் இருந்தது அப்பக்கடையும், இளைப்பாறிய நடராசா மாஸ்டரின் வீடும், எவருக்கும் சொந்தமில்லாத கொஞ்ச ஆடுகளும்தான். அந்தத் தெருவில் சத்தம் போடுவதற்கு ஆளில்லாமல் காகங்கள்கூட மீன்சந்தைக்குப் போய்க் கரைந்துவிட்டு வந்தன.

எண்பதாம் ஆண்டு சித்திரை முடிய, பட்டினசபைத் தலைவர் வீரகத்தியார் குடையோடு வந்தார். கிட்டங்கி சபைக்குச் சொந்தம். அதை இடித்துவிட்டு மாடியோடு ஒரு சந்தைக் கட்டிடம் கட்டப் போகிறது என்றும், வைகாசிப் பொங்கல் கழிந்ததும் எல்லாரும் எழும்பவேண்டும் என்றும் சொன்னார். அவர் கெட்ட மனிசன் இல்லை. மூன்று அப்பம் தின்றுவிட்டு, நாலாவதைத் தின்றுகொண்டுதான் சொன்னார்.

“பிள்ளை யோசிக்காதை. மேல்மாடியிலை உனக்கொரு அறை தருவம். காத்தோட்டமா இருக்கும்.”

“மேல்மாடியிலை அடுப்பு மூட்ட விடுவியளோ ஐயா?”

“அடுப்பு ஏலாது. சீமெந்து வெடிச்சுப் போகும்.”

“அப்ப காத்தைத்தான் விக்கோணும்” என்றாள் இரஞ்சிதம்.

வீரகத்தியார் சிரித்தார். ஆனால் பேச்சை மாற்றவில்லை. வாசலால் வெளியே போகும்போது, புதுக் கட்டிடத்தின் நெற்றியில் தன் பெயரைக் கல்லில் வெட்டி எங்கே பதிப்பது என்று கழுத்தை நிமிர்த்தி ஆகாயத்தில் இடம் பார்த்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து இரஞ்சிதத்துக்குச் சோறு இறங்கவில்லை. போக இடமில்லை என்பது ஒன்று. அவளுடைய அப்பம் வேறெங்கும் அப்படி வராது என்பது மற்றது. அந்தச் சுவருக்குள் புளிக்கிற மா சோளகக் காற்றிலும் வாடைக் காற்றிலும் ஒரே மாதிரி, ஒருநாளும் பொங்கி வழியாது, ஒருநாளும் சப்பிப் போகாது. ஒருமுறை தமக்கையின் கலியாணத்துக்குச் செட்டிகுளத்தில் போய் மா கரைத்தாள். அந்த அப்பத்தைத் தின்றவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்காரர். இன்றுவரைக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

வழி கண்டுபிடித்தவர் நடராசா மாஸ்டர். கொழும்பில் பழைய கட்டிடங்களைப் பார்க்கிறதற்கென்று ஒரு கந்தோர் இருக்கிறது, அவர்கள் வந்து ‘இது பழசு’ என்று ஒரு சொல்லுச் சொன்னால் சபை என்ன, சனாதிபதி வந்தாலும் இடிக்க முடியாது என்று அவர் சொன்னார். எழுதியும் போட்டார். பதில் வராது என்றுதான் எல்லாரும் இருந்தார்கள். வந்துவிட்டது. பொங்கலுக்கு முன்வரும் வியாழக்கிழமை தில்லையம்பலம் என்ற உத்தியோகத்தர் நேரில் வந்து பார்ப்பார் என்று மாஸ்டர் சொல்லிவிட்டு, கண்டாவளையில் மகளுக்குப் பிள்ளை பிறந்ததைப் பார்க்கப் போய்விட்டார். அவர் போனதுதான் பிழை. போகும்போது ஒன்றும் விளக்கமாய்ச் சொல்லாமல் போனது அதைவிடப் பெரிய பிழை.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. வைகாசியில் அம்மன் பொங்கலுக்குக் கடல் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அந்தத் தெருவால்தான் போவார்கள். உப்புத் தண்ணீரில் விளக்கெரிகிற பொங்கல் அது. தண்ணீர் வருகிற வழியில் ஊத்தைச் சுவர் நிற்கக்கூடாது. அதனால் ஒவ்வொரு வைகாசியும், தின்னக் கஞ்சி இல்லாத வருசத்திலும், கிட்டங்கிக்குச் சுண்ணாம்பு அடிபடும். இந்த வருசம் இடிக்கப் போகிற சுவருக்கு எதற்கு என்று விட்டிருந்தார்கள். இப்போது கொழும்பிலிருந்து ஆள் வருகிறார் என்றதும் இரஞ்சிதம் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். மாரியில் பிடித்த பாசி, அடுப்புக் கரி, ஆடு உரசிய இடம், வெடிப்பில் முளைத்த ஆலங்கன்று.

“இந்தக் கோலத்திலை அந்த மனிசனுக்குக் காட்டுறதோ?” என்றாள்.

ஐயாத்துரைக்கும் நியாயமாய்ப் பட்டது. ஆண்டியப்பன் சுண்ணாம்பு கரைத்தான். வெள்ளை பளிச்சென்று தெரியக் கொஞ்சம் நீலம் போடுவது வழக்கம், உடுப்புக்குப் போடுகிற அதே நீலம். இரண்டு பைக்கற் வாங்கிவரச் சொன்னால், பெரிய உத்தியோகத்தர் வருகிறார் என்று ஐயாத்துரை கடையில் இருந்த முழுப் பெட்டியையும் வாங்கிவந்தான். ஆண்டியப்பன், வாங்கினதை வீணாக்கக்கூடாது என்று முழுவதையும் போட்டான். மூன்று நாள் அடித்தார்கள். முடிந்தபோது கிட்டங்கி, வானத்துக்கும் கடலுக்கும் நடுவில் எது எது என்று தெரியாதபடி நின்றது. கரைவலைக்காரர் இருவர் அதைக் கடலென்று நினைத்து வள்ளத்தைத் தெருவுக்குள் பாதி தூரம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஆலங்கன்றைப் பிடுங்கி, வெடிப்பைப் பூசி, மாவிலை கட்டினார்கள். கடைசியில் ஆண்டியப்பன், வேலை முடிந்தால் வருசம் போடுவது மேசன் மரியாதை என்று, வாசலுக்கு மேலே கறுத்தப் பெயின்றால் 1980 என்று எழுதினான். வடிவான எழுத்து.

புதன்கிழமை பின்னேரம் மாஸ்டர் பஸ்ஸால் இறங்கித் தெருவுக்குள் வந்தார். வந்தவர் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பப் பார்த்தார். பிறகு கடை வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் குந்தித் தலையில் கையை வைத்தார்.

“ஐயாத்துரை, என்ன வேலையடா பாத்து வைச்சிருக்கிறியள்?”

“வெள்ளையடிச்சனாங்கள் மாஸ்டர்.”

“இது வெள்ளையோ?”

“கொஞ்சம் நீலம் கூடிப்போச்சு.”

“அடேய், பழசு எண்டு காட்டத்தானே அந்த மனிசனைக் கூப்பிட்டனான். நீங்கள் புதுசாக்கிப் போட்டு நிக்கிறியள். போதாக்குறைக்கு வருசமும் போட்டு வைச்சிருக்கிறியள்.”

“பழசெண்டால் ஊத்தையாத்தான் இருக்கோணுமே, மாஸ்டர்?” என்றாள் இரஞ்சிதம். கேட்டு முடிக்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. அப்பச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் அவளும் இருந்துவிட்டாள். தன் வீட்டைத் தானே தூரிகையால் அழித்துவிட்டேன் என்ற எண்ணம் வந்தது, அழவும் வரவில்லை.

ஆண்டியப்பன் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தான். நீலம் நிலத்துக்குப் போனது, சுவரிலும் இருந்தது. தெருவாய்க்காலில் தண்ணீர் குடித்த ஆடுகளுக்கு மூன்று கிழமைக்கு நீலப் பால் வந்தது. மாஸ்டர் ‘விடு, விடு, இன்னும் கேவலமாகுது’ என்று நிறுத்தச் சொன்னார்.

விடியக்காலை ஐயாத்துரை மட்டும் கொஞ்சம் தெளிந்த முகத்தோடு ஏணியில் இருந்து இறங்கினான். ஒன்பதை ஏழாக்கினால் இருநூறு வருசம் கூடும் என்று அவனுக்குப் பட்டிருக்கிறது. வாசலுக்கு மேலே, ஈரம் மினுங்க, 1780 என்று நின்றது.

தில்லையம்பலம் பத்து மணிக்கு வந்தார். மெலிந்த மனிசன். வெள்ளைச் சேட்டு, வெயிலில் சிவந்த மூக்கு, கையில் ஒரு தோல் பை. வீரகத்தியாரும் சேதி அறிந்து குடையோடு வந்திருந்தார்; நீலத்தைப் பார்த்ததும் அவருக்கு மனம் நிறைந்துவிட்டது. உத்தியோகத்தர் தெருவில் நின்று கட்டிடத்தை மேலும் கீழும் பார்த்தார். கண் வாசலுக்கு மேலே போய் அங்கேயே நின்றது.

“ஆயிரத்து எழுநூற்றி எண்பதிலை அடிச்ச பெயின்ற் இன்னும் காயேல்லைப் போலை” என்றார்.

ஆண்டியப்பன் தான் முன்வந்தான். “அது நாந்தாங்க எழுதினேன். நான் எழுதுனது எம்பதுங்க. ராத்திரி எப்படியோ வயசு கூடிப்போச்சுங்க.”

உத்தியோகத்தர் சிரித்தாரா, வெயிலுக்கு முகத்தைச் சுளித்தாரா என்று தெரியவில்லை. செருப்புக்குள் குறுணிக்கல் புகுந்திருந்தது. அதை எடுக்க ஒரு காலில் நின்று சுவரில் முதுகைச் சாய்த்தார். எடுத்தார், உதறினார், நிமிர்ந்தார். வீரகத்தியாரிடம், இதில் பார்க்க அதிகம் இல்லை, சாட்டுக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டு திரும்பினார்.

முதுகு முழுவதும் நீலம்.

தெருவே பார்த்தது, ஒருவரும் சொல்லவில்லை. உத்தியோகத்தருக்கு முதுகில் ஊத்தை என்று எந்த வாயால் சொல்வது? மாஸ்டர் வானத்தைப் பார்த்தார். ஐயாத்துரை மாஸ்டரைப் பார்த்தான். வீரகத்தியார் குடையை விரித்து அவருக்குப் பின்னால் பிடித்து மறைக்கப் பார்த்தார். இரஞ்சிதம்தான் பொறுக்க முடியாமல் முன்னுக்கு வந்தாள். இனி இழக்க என்ன இருக்கிறது என்ற துணிவும் அதில் கொஞ்சம் இருந்தது.

“ஐயா, குறை நினைக்காதேங்கோ. உங்கடை சேட்டிலை எங்கடை சுவர் ஒட்டிப்போச்சு. கழட்டித் தாங்கோ, தோய்ச்சுத் தாறன். இந்தச் சோளகத்துக்கு ஒரு நொடியிலை காஞ்சிடும். அதுமட்டும் ரெண்டு அப்பம் தின்னுங்கோ.”

அவர் மறுத்தார். எத்தனையோ தரம் மறுத்தார். அந்த ஊரில் மறுப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதைத் தாண்டியும் மறுத்தால் கோபமென்று அர்த்தமாகும். கடைசியில் ஐயாத்துரையின் சால்வையைப் போர்த்திக்கொண்டு, வாசலுக்கு வெளியே வாங்கில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். இரஞ்சிதம் சட்டியைச் சுழற்றினாள். ஓரம் முறுகி நடு பஞ்சுபோல வந்தது. கட்டைச் சம்பல் வைத்தாள். முதலாவதை மரியாதைக்குத் தின்றார். இரண்டாவதைப் பசிக்குத் தின்றார். அதற்குப் பிறகு தின்றவற்றுக்குக் காரணம் சொல்லவில்லை. பின்கிணற்றடியில் ராக்காயி சேட்டைத் தோய்த்தாள். முதுகில் இருந்த நீலம் கையிரண்டுக்கும் கழுத்துக்கும் பரவியது. தேசிக்காய் தேய்த்தாள், நெஞ்சுப் பக்கத்துக்கும் வந்தது. பன்னிரண்டு மணி பஸ் கோன் அடித்துக்கொண்டு போனது எல்லாருக்கும் கேட்டது.

அவர் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் நேரெதிரே, அவர் முதுகு சாய்த்த இடம். ஈரச் சுண்ணாம்பு சேட்டோடு வந்துவிட்டதால் ஒரு மனிதனின் முதுகளவுக்கு அங்கே ஓட்டை போல வேறொரு நிறம் தெரிந்தது. அவர் மென்றுகொண்டே அதைப் பார்த்தார். பிறகு மெல்லுவதை நிறுத்தினார். கையைக் கழுவாமல் பையைத் திறந்து, சின்னக் கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார். சால்வை விழுந்தது, அதையும் கவனிக்கவில்லை.

“இடிக்க முந்தியே செதுக்கத் தொடங்கிட்டார்” என்று வீரகத்தியார் மெல்லச் சொன்னார்.

அவர் இடிக்கவில்லை. வெங்காயம் உரிப்பதுபோல ஒரு விரலகலத்துக்கு ஒவ்வொரு தோலாய் எடுத்தார். நீலத்துக்குக் கீழே வெள்ளை. வெள்ளைக்குக் கீழே இன்னொரு வெள்ளை. இடையில் ஒரு மஞ்சள், ஒரு கறுப்பு, ஒரு காவி, ஒரு மெல்லிய பச்சை, பிறகும் வெள்ளை. சுவர் ஒரு பக்கமும் முடிகிறதாய் இல்லை.

“இதென்ன, இத்தினை பூச்சு?” என்று கேட்டார், எவரிடமும் இல்லாமல்.

“வரியா வரியம் அடிக்கிறதுதான் ஐயா. பொங்கலுக்கு” என்றாள் இரஞ்சிதம். பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தவள், தன்னையறியாமல் விரலை நீட்டினாள். “இந்த மஞ்சள் எங்கடை கலியாண வரியம் அடிச்சது. மாமி தான் மஞ்சள் கேட்டவா. இஞ்சை, இந்தக் கறுப்பு, குசினி நெருப்புப் பிடிச்ச வரியம்.”

ராக்காயி ஈரக் கையோடு வந்து நின்றாள். நீலத்துக்குக் கீழே இரண்டாவது தோலைப் பார்த்துவிட்டு, “ஏங்க, இது நம்ம வந்த புதுசுல நீங்க அடிச்சதில்ல?” என்று புருசனைக் கேட்டாள். “கை நடுங்குது, காய்ச்சல்காரன் அடிச்ச மாதிரி திட்டுத்திட்டா இருக்கு.” அவன் தலையை ஆட்டினான். அடித்தபோது அவனுக்குக் காய்ச்சல் மாறிப் பத்துமாதம் ஆகியிருந்தது. ஆனாலும் ஆட்டினான்.

தில்லையம்பலம் கடைசித் தோலையும் எடுத்தார். அதன் கீழே கல்லைப்போல இறுகிய பழைய சாந்து, சிப்பித் துண்டுகள் வெயிலில் மினுங்கின. நகத்தால் சுரண்டினார், நகம் தேய்ந்தது. முகம் மலர்ந்துவிட்டது. இது ஒல்லாந்தர் காலத்துச் சாந்து, சந்தேகமே இல்லை, இந்தக் கரையில் இப்படி முழுதாய் நிற்கிற கிட்டங்கியைத் தான் கண்டதில்லை என்று மளமளவென்று சொன்னார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஐயாத்துரை ஏணியைப் பார்த்து, அதன்மேல் ஏதோ நன்றி சொல்வதுபோல் தட்டினான்.

“இதை உடனை பதிஞ்சு காப்பாத்தோணும்” என்றார் உத்தியோகத்தர். “சுத்திவரக் கம்பி அடிச்சு, ஒரு காவலாளி போட்டு, ஆக்களை எழுப்பிப் போட்டு...”

அவர் சந்தோசத்தில் சொல்லிக்கொண்டே போனார். பழசு என்றால் வெளியே, புதுசு என்றாலும் வெளியே. வீரகத்தியாருக்கே என்ன முகம் காட்டுவது என்று தெரியவில்லை.

இரஞ்சிதம் கையை முந்தானையில் துடைத்தாள். குரல் உயரவில்லை.

“ஐயா, ஒண்டு கேக்கட்டோ? கம்பி அடிச்சாப் பேந்து, வாற வரியம் ஆர் வெள்ளையடிக்கிறது?”

“அது... ஒருத்தரும் அடிக்க ஏலாதம்மா. சட்டப்படி தொடக்கூடாது.”

“அப்ப மழைக்கு?”

அவர் கத்தியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். வாங்கில் திரும்ப வந்து இருந்தார். ராக்காயி பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடித்து முடிக்கும்வரைக்கும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தான் உத்தியோகத்துக்கு வந்த புதிதில் தெற்கே ஒரு பழைய மாளிகையைப் பதிந்ததாகச் சொன்னார். ஆட்களை எழுப்பி, கம்பி அடித்து, பலகை நட்டு, நல்ல வேலை செய்துவிட்டோம் என்று கொழும்புக்குப் போனாராம். போன வருசம் வழியில் இறங்கிப் பார்த்தாராம். கூரை இல்லை. வௌவால் இருந்தது. காவலாளி மட்டும் சம்பளத்தோடு பத்திரமாய் இருந்தான்.

“இந்தச் சுவர் நிக்கிறது ஒல்லாந்தன் கட்டினதாலை மட்டும் இல்லை” என்றார். “எந்த வரியமும் ஆரோ ஒருத்தர் இதைப் பாத்திருக்கினம். இடையிலை ஒரு தோலும் குறையேல்லை. உங்களை எழுப்பினால் அடுத்த மாரிக்கு இது விழும்.”

“அப்ப என்னெண்டு எழுதப் போறியள்?” மாஸ்டர் கேட்டார். அவருடைய குரலே அவருக்குக் கேட்டிருக்காது.

“ஆக்கள் இருக்கிற பழைய கட்டிடம் எண்டு எழுதுவன். அப்பிடி எழுத இடமிருக்கு, நாங்கள்தான் எழுதுறேல்லை. இடிக்க ஏலாது. இருக்கிறவையை எழுப்பவும் ஏலாது. சீமெந்து தொடக்கூடாது, சுண்ணாம்பு மட்டும்தான். கூரையைச் சபை திருத்திக் குடுக்கோணும்.” வீரகத்தியார் பக்கம் திரும்பினார். “சந்தை வேணுமெண்டால் ஐயா, முன்மண்டபம் சும்மாதானே கிடக்குது. அதிலையே சந்தையைப் போடுங்கோ. பஸ்ஸையும் ஒருக்கா இந்தத் தெருவாலை விட்டுப் பாருங்கோ.”

வீரகத்தியார் குடையை மடக்கினார். தான் மேல்மாடி கட்ட நினைத்ததெல்லாம் ஊருக்கு நன்மை வரட்டும் என்றுதான் என்றார், அது மெய்யும்தான். பிறகு தொண்டையைச் செருமி, கூரை திருத்தி முடிந்தால் ஒரு சின்னத் திறப்பு விழா வைக்கலாமோ, அதற்கு ஒரு கல்லு, பெயர் போட்டு, பெரிசாய் இல்லை, என்று கேட்டார்.

“சுவரிலை பதிக்க ஏலாது” என்றார் உத்தியோகத்தர்.

“தெரு முகப்பிலை?”

“தெருவைப் பற்றி எங்கடை கந்தோருக்குக் கவலை இல்லை.”

அந்தக் கல் இன்றைக்கும் தெரு முகப்பில் நிற்கிறது. வீரகத்தியாரின் பெயர் கட்டிடத்தைவிடப் பெரிதாகத் தெரியும்.

நாலு மணி பஸ்ஸுக்குச் சேட்டுக் காய்ந்துவிட்டது. ராக்காயி கெட்டிக்காரி, எந்த இடத்திலும் திட்டே இல்லாமல் முழுச்சேட்டையும் ஒரே நீலமாக்கியிருந்தாள். தில்லையம்பலம் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, தன்னிடம் இதுவரை நீலச் சேட்டு ஒன்றும் இருக்கவில்லை என்றார். அப்பத்துக்குக் காசு நீட்டினார், இரஞ்சிதம் வாங்கவில்லை. போகும்போது வாசலுக்கு மேலே கையைக் காட்டி, அந்த ஏழு இலக்கத்தை மட்டும் திரும்ப ஒன்பதாக்கிவிடும்படியும், மேசனின் எழுத்து உண்மையில் வடிவாய் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஆண்டியப்பன் அன்று முழுவதும் அதைப் பற்றியே கதைத்தான்.

பஸ் போனது. பிறகு ஐயாத்துரை சிரிக்கத் தொடங்கினான்; மாஸ்டருக்கு அது தொற்றியது. இரஞ்சிதம் சிரிக்கவில்லை. ஒரு தட்டில் சட்டியில் மிஞ்சிய அப்பம் ஒன்றைப் போட்டு, சம்பல்கூட இல்லாமல், நின்ற நிலையில் தின்று முடித்தாள். சித்திரைக்குப் பிறகு அவளுக்கு ருசித்த முதல் சாப்பாடு அதுதான். பிறகு அரிசி மூடையை இழுத்துவரச் சொன்னாள்.

“எவ்வளவு ஊறப்போடுறது?” என்று ஐயாத்துரை கேட்டான்.

“கிடக்கிறதைப் போடுங்கோ. பொங்கல் கிட்டிட்டுது, சனம் வரத் தொடங்கிடும்.”

“விக்காமல் போனால்?”

“நாளையிண்டைக்கும் இஞ்சைதானே இருக்கப்போறம்” என்றாள்.

விக்காமல் போகவில்லை. அந்த வருசம் கடல் தண்ணீர் எடுத்தவர்கள் நீலச் சுவரைக் கண்டு நின்று பார்த்ததால், ஊர்வலம் வழமையைவிடத் தெருவில் அதிக நேரம் தங்கியது. தங்கிய சனம் தின்றது. ஆவணியில் கூரைக்கு ஓடு வந்தது. முன்மண்டபத்தில் ஞாயிறு தோறும் சந்தை கூடியது. வெற்றிலை, நாட்டுக்கோழி, கருவாடு, பிறகு சீலைக்காரர்கள். சின்னராசா ஓமந்தையிலிருந்து மெசினோடு திரும்பி வந்து, போனதே இல்லைப் போலக் கதவைத் திறந்தான். பஸ் அந்தத் தெருவால் ஓடத் தொடங்கிய அன்று ஆடுகள் எல்லாம் வழிவிடாமல் படுத்திருந்தன. அவற்றுக்குத் தெரு தங்களுடையது என்று பழக்கமாகிவிட்டது. இரஞ்சிதத்துக்கு இப்போது வேறு முறைப்பாடு. வாங்கு போட இடமில்லை.

அதெல்லாம் பிறகு. அந்த வியாழக்கிழமை பின்னேரம், அரிசி களைந்துகொண்டிருக்கும்போது ராக்காயி குசினி வாசலில் வந்து நின்றாள். அவள் கையில் ஒரு சுத்தியலும் கடதாசிச் சுருளில் கொஞ்ச ஆணியும் இருந்தன.

“அக்கா, எங்க அறையில ஒரு ஆணி அடிக்கட்டுங்களா? சாமி படம் பெட்டிக்குள்ளயே கெடக்கு.”

மூன்று வருசமாய் அவர்கள் அந்தச் சுவரில் ஒன்றும் தொங்கவிடவில்லை என்பதை இரஞ்சிதம் அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். கயிறு கட்டிச் சேலை போட்டிருந்தார்கள். பானைகள் நிலத்தில் இருந்தன. பெட்டி எப்போதும் கட்டினபடி கதவோரம் இருந்தது.

“கேக்கிறதே? அடியும் பிள்ளை” என்றாள்.

ராக்காயி உள்ளே போனாள். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது பறந்துபோய் எங்கேயோ விழுந்தது. மூன்றாவதும் வளைந்தது. ஆண்டியப்பன் தான் அடிக்கட்டுமா என்று கேட்டான், அவள் கொடுக்கவில்லை. வளைந்த ஆணியை வாசற்படியில் வைத்து நிமிர்த்தினாள், திரும்ப வைத்து அடித்தாள். சுவர் அசையவில்லை. அவளும் அவசரப்படவில்லை. இனி அவளுக்கு நேரமிருந்தது.